வரலாற்றில் அட்டைக்கு இடமுண்டா?

வத்தேகமவில் பஸ் ஏறி பன்விலைப் பக்கம் போனால், கொஞ்ச நேரத்தில் ரோடு வளைய ஆரம்பிக்கும். கடைகள் குறையும், தேயிலை கூடும். தூரத்தில் நக்கிள்ஸ் மலைகள் பனிமூட்டத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குத்தான் நாங்கள் நாலு பேர் ஒரு கொப்பியோடு போனோம். எண்பது தாண்டிய பாட்டி ஒருவரிடம் தோட்டத்துக் கதையைக் கேட்டு எழுதுவது திட்டம்.

கேள்விகளை முன்னாலேயே எழுதி வைத்திருந்தோம். எந்த வருஷம் பிறந்தீங்க? முதல் சம்பளம் எவ்வளவு? ஸ்ட்ரைக் நடந்ததா? பிரஜாவுரிமை எப்போ கிடைச்சது? வரலாறு என்றால் இதுதானே என்று நினைத்திருந்தோம்.

பாட்டி முதல் கேள்வியிலேயே எங்களைத் திணற வைத்தார்.

"வருஷமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. கொழுந்துல கொப்புளம் வந்துச்சாமே, மலை மலையா வெள்ளை வெள்ளையா. அப்ப நான் கைப்புள்ளயாம். எங்கம்மா சொல்லும்."

அடுத்ததாக அட்டைக்குப் போய்விட்டார். எந்த மலையில் அட்டை அதிகம், எந்த மாசத்தில் கூடும், காலில் சவுக்காரமும் சுண்ணாம்பும் எப்படிப் பூசிக்கொண்டு போவார்கள், ஓடை ஓரத்து மலையில் நிறை பிடிக்க ஏன் யாருக்கும் விருப்பமில்லை என்று அரை மணி நேரம். நாங்கள் பேனையை மூடிவிட்டு, மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு, பாட்டி எப்போது 'வரலாற்றுக்கு' வருவார் என்று காத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்பியில் பாதிக் கட்டங்கள் வெறுமை. பிறந்த வருஷம் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தோம். அப்போதுதான் எங்களில் ஒருத்தி கொப்புளத்தைத் தேடிப் பார்த்தாள். தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது 1946-இல். பாட்டி வருஷத்தைச் சொல்லித்தான் இருந்தார். அதைக் கேட்கத் தெரியாமல் இருந்தது நாங்கள்தான்.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்குகிறது. மனிதர்களைப் பற்றிய ஆய்வில் செடி, பூச்சி, நோய், மண் ஆகியவற்றுக்கு என்ன இடம்? மலையக வரலாற்றைப் படிக்கிற, எழுத நினைக்கிற நமக்கு அது எதற்கு உதவும்? எங்கே ஆபத்தாகும்?

மனிதர் மட்டுமா?

சமூக விஞ்ஞானம் என்றாலே மனிதரைப் பற்றிய படிப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். மலை, ஆறு, மிருகம் எல்லாம் புவியியலுக்கும் உயிரியலுக்கும் போய்விடும். வரலாற்றுப் புத்தகத்தில் அவை நாடக மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை மாதிரி இருக்கும்.

இந்தப் பிரிவினையைக் கடந்த ஐம்பது வருஷத்தில் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அல்ஃப்ரட் கிராஸ்பி 1972-இல் எழுதிய புத்தகம், ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தைப் பிடித்ததில் துப்பாக்கியைப் போலவே பெரியம்மைக் கிருமிக்கும் பங்குண்டு என்று காட்டியது. 1986-இல் பிரெஞ்சு சமூகவியலாளர் மிஷேல் கலோன் இன்னும் ஒரு படி போனார். பிரான்ஸின் சென் பிரியூக் விரிகுடாவில் ஒருவகைச் சிப்பி குறைந்துகொண்டே வந்தது. அதை வளர்க்க மூன்று விஞ்ஞானிகள் முயன்றார்கள். கலோன் அந்த விஞ்ஞானிகளை ஆராய்ந்தார், மீனவர்களை ஆராய்ந்தார், கூடவே சிப்பிகளையும் அதே வரிசையில் வைத்தார். காரணம் எளிமையானது. மீனவர்கள் ஒத்துக்கொண்டால் மட்டும் திட்டம் நடக்காது; சிப்பிக் குஞ்சுகள் கட்டித் தொங்கவிட்ட பைகளில் போய் ஒட்டவும் வேண்டும். கடைசியில் சிப்பிகளும் ஒட்டவில்லை, மீனவர்களும் பொறுத்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே மொழியில் எழுதினால்தான் திட்டம் ஏன் தோற்றது என்பது புரியும் என்றார் கலோன்.

2010-இல் ஈபன் கெர்க்ஸியும் ஸ்டெஃபன் ஹெல்ம்ரைக்கும் இதே போக்கிலான மானிடவியல் ஆய்வுகளுக்கு ஒரு பெயரை முன்வைத்தார்கள். தமிழில் 'பல்லுயிர் இனவரைவியல்' என்று சொல்லலாம். ஓர் ஊரைப் பற்றி எழுதப் போனால் அந்த ஊரில் வாழும் மற்ற உயிர்களையும் ஊராராகக் கவனி என்பதே இதன் சுருக்கம்.

பெரிய சொல்லாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நம்ம நாட்டு உதாரணமே இருக்கிறது. 1934–35 மலேரியாக் காய்ச்சலில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அந்த வருஷம் மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. நுளம்பு அங்கே பெருகியது. பட்டினியில் கிடந்த கிராமங்களுக்கு நிவாரணம் கொண்டுபோன இளைஞர்கள்தான் 1935 கடைசியில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். இந்தக் கதையில் நுளம்பை எடுத்துவிட்டால் அரசியல் புரியாது. பட்டினியை எடுத்துவிட்டால் நுளம்பு ஏன் அத்தனை பேரைக் கொன்றது என்பதும் புரியாது.

'இதெல்லாம் எங்க தொல்காப்பியத்துலயே இருக்கு' என்று சொல்லத் துடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புல்லும் மரமும் தொடங்கி மனிதர் வரை உயிர்களை ஒரே வரிசையில் அடுக்கியது தொல்காப்பியம். ஒரு நிலத்தைச் சொல்ல அதன் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று ஒன்றாகச் சேர்த்தது. இது நமக்குப் பெரிய துணைதான். ஆனால் அது கவிதைக்கான இலக்கணம், தோட்டத்தை ஆராயும் முறை வேறு. மலை என்றால் குறிஞ்சி என்று அது சொல்லும். கப்பலில் வந்த செடியும் கடலும் காடும் கடந்து வந்த கூலியாளும் சந்தித்த மலைக்கு என்ன திணை என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு பங்கசு எழுதிய அத்தியாயம்

சரி, இந்தக் கண்ணோடு நம்ம பக்கத்துக் கதையைப் பார்ப்போம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டி மலைகளில் பெரும்பகுதி காடு. 1840-இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசின் சொத்தாக்கியது. முதலில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் காட்டை வெட்டி, எரித்து, கோப்பி நட்டார்கள். மரம் வெட்டியதில் சிங்களக் கிராமத்து ஆட்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. கோப்பி பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். யானைகளை 'இடைஞ்சல்' என்று சுட்டுத் தள்ளினார்கள். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்கிறார்கள். அவர் 1845-இல் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் பழி என்று ஊரார் பேசியிருந்தால் ஆச்சரியமில்லை.

1870-களின் கடைசியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. தும்பறைப் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய மலைகளும் அதில் முக்கியமான பகுதி. கண்டிக்கு 1867-இல் ரயில் வந்ததே கோப்பி மூட்டைகளுக்காகத்தான். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மாத்தளைக்கு 1880-இல் கோச்சி ஓடத் தொடங்கியது. ஆனால் அந்தக் கோச்சி வந்து சேர்ந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது.

காரணம் இலைத்துரு நோய். இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூளாகத் தெரியும் ஒரு பங்கசு, அதாவது பூஞ்சை. 1869-இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்டார்கள். பேராதனைப் பூங்காவிலிருந்து இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே பெர்க்லி, புரூம் என்ற இருவர் அதே வருஷம் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வித்தியின் ஒரு பாதி வழவழப்பாக இருப்பதால் முதல் பெயர். 'பாழாக்குவது' என்பது இரண்டாவது பெயரின் பொருள்.

அதே 1869-இல்தான் ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மியும் வெளிவந்தது. கோப்பியை எப்படிப் பயிரிட வேண்டும் என்று தமிழில் பாட்டாகச் சொன்ன புத்தகம். கோப்பிக்குக் கும்மி அடித்த அதே வருஷம், கோப்பியின் எமனுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய வரலாற்றுப் புத்தகம் எதுவும் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை.

1880-இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற தாவரவியலாளரை அரசு அழைத்து வந்தது. அப்போது அவர் இருபதுகளில் இருந்தவர். காலநிலை, களைத்த மண், தவறான உரம் என்று துரைமார் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வோர்ட் காற்றில் கண்ணாடித் தகடுகளை வைத்து வித்திகளைப் பிடித்தார். காற்றில் பறக்கும் வித்தி இலையில் விழுகிறது, ஒரு துளி ஈரத்தில் முளைக்கிறது, இலைக்குள் புகுகிறது என்று நிரூபித்தார். மலைக்கு மலை ஒரே செடியை நட்டு, இடையில் காற்றைத் தடுக்க மரமே இல்லாமல் வெட்டிப்போட்டதுதான் பங்கசுக்குப் போட்டுக் கொடுத்த ரோடு என்பது அவருடைய ஆய்விலிருந்து தெரிந்தது.

இங்கே நிதானிக்க வேண்டும். 'பங்கசு வந்து கோப்பி அழிந்தது' என்று ஒரு வரியில் முடித்தால் அதுவும் பொய்தான். நோய் தெரிந்த பிறகும் பத்து வருஷம் புதிய காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள், ஏனென்றால் விலை நன்றாக இருந்தது. பிறகு பிரேசில் கோப்பி சந்தையில் குவிந்தது. 1884-இல் துரைமாருக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறியபோது பல மாசச் சம்பளம் நிலுவையில் கிடந்த ஆட்களின் பாடு யாருக்கும் பெரிய செய்தியாக இல்லை. பங்கசை வரலாற்றுக்குள் கொண்டுவரலாம், வர வேண்டும். ஆனால் குற்றவாளிக் கூண்டில் அதை மட்டும் தனியே நிறுத்திவிட்டு வங்கியையும் துரையையும் வெளியே விட்டுவிடக் கூடாது. இந்த முறையின் முதல் பாடம் எங்களுக்கு இதுதான்.

பட்டுப்போன கோப்பி மரங்களைப் பட்டை உரித்து இங்கிலாந்துக்கு அனுப்பி, தேநீர் மேசைகளுக்குக் கால்கள் செய்தார்கள் என்றொரு கதை உண்டு. கோப்பியின் காலில்தான் தேயிலை நின்றது என்று சொல்ல இதைவிட நல்ல படம் கிடைக்காது.

துளிரின் கணக்கு

அடுத்து வருவதுதான் எங்களை ரொம்ப நேரம் பேச வைத்த விஷயம்.

கோப்பி வருஷத்தில் ஒரு பருவம் பழுக்கும். அந்தச் சில மாசங்களுக்கு நிறைய ஆட்கள் வேண்டும், மீதி நாளைக்குக் கொஞ்சப் பேர் போதும். அதனால் கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை நடந்து, பழம் பறித்து, திரும்பி நடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழியெல்லாம் ஆட்களைக் கொண்டுபோயின. 2023-இல் மலையக மக்கள் வந்து 200 வருஷமானதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்களே, அது இந்தப் பாதையின் நினைவுதான்.

தேயிலை வேறு மாதிரிச் செடி. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டது அது. அதற்குப் பருவமில்லை. பறித்த இடத்தில் ஏழு, பத்து நாளில் மீண்டும் துளிர்விடும். கொழுந்து முற்றிவிட்டால் தூள் தரமில்லை. பறித்த அன்றே இஸ்டோருக்குப் போக வேண்டும். அப்படியென்றால் வருஷம் முழுக்க, வாரத்துக்கு வாரம், மலையில் ஆள் வேண்டும். போய்ப் போய் வரும் ஆட்கள் போதாது. குடும்பமாக இருக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும், புள்ளைக் காம்பரா வேண்டும், லயம் வேண்டும்.

நாம் மலையகத்தில் ஊன்றியதற்குப் பின்னால் ஒரு செடி துளிர்விடும் வேகம் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது எங்களுக்கே கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் 1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம்ம ஆட்களை 'வந்து போகிறவர்கள்' என்றுதான் வாதாடினார்கள். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். கொழுந்து நிறுப்பது மாதிரி ஆட்களை நிறுத்தார்கள். ஆனால் வந்து போகிறவர்களை வைத்துத் தேயிலை நடத்தவே முடியாது என்பதற்குத் தேயிலையே சாட்சி. 1948-க்கு முன் அறுபது வருஷமாக வாரத்துக்கு வாரம் கொழுந்து பறிபட்டிருக்கிறது என்றால், அந்த அறுபது வருஷமும் அங்கே குடும்பங்கள் இருந்திருக்கின்றன. பிறப்புப் பதிவு இல்லாதவருக்கும் இந்தச் சாட்சி பேசும். நாடாளுமன்றத்தில் யாரும் செடியைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

இங்கேயும் அதே எச்சரிக்கை. ஆள் எப்போதும் வேண்டும் என்பதுதான் செடியின் தேவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையைச் செடி கேட்கவில்லை. பெண்ணுக்குக் குறைந்த கூலியையும், பிரட்டுக்கு விடியக் காலையில் கொம்பு ஊதுவதையும், கங்காணியின் பற்றுச்சீட்டையும் செடி கேட்கவில்லை. அவை மனிதர் எடுத்த முடிவுகள்.

கையும் செடியும்

தேயிலையை அப்படியே விட்டால் மரமாக வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது மனிதக் கை. சில வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, மட்டம் பார்த்துப் பறித்துப் பறித்து, ஒரு மரத்தை நூறு வருஷமாகப் புதராக வைத்திருக்கிறோம். அந்த உயரம் கொழுந்து எடுக்கும் பெண்ணின் இடுப்புக்குக் கணக்குப் பண்ணியது. செடியும் சும்மா இருக்கவில்லை. விரலைக் கறுப்பாக்கியது, கயிறு பட்ட தலையில் தழும்பு வைத்தது, முதுகை வளைத்தது. ஆளைச் செடி ஒடித்தது, செடியை ஆள் ஒடித்தார்.

மானிடவியலாளர் வாலன்டைன் டேனியல் 1990-களில் தோட்டத்துப் பேச்சைப் பற்றி எழுதினார். அதிகாரிகள் தேயிலையைப் பற்றிப் பேசும் மொழியும், வேலையாட்கள் பேசும் மொழியும் வேறு வேறு என்று காட்டினார். ஒன்று ஏக்கரும் விளைச்சலும் அளவுமாகப் பேசும். மற்றது கை பட்டு, கண் பார்த்து, கூடவே வாழ்ந்து பழகிய பேச்சு. பதிவேடுகள் முதல் மொழியில் இருக்கின்றன. இரண்டாவது மொழி லயத்துத் திண்ணையில் இருக்கிறது. எழுதப்படாமல் போனால் அந்தப் பாட்டிகளோடு அதுவும் போய்விடும்.

எங்கள் பாட்டி அட்டையைப் பற்றிப் பேசியதும் அந்த மொழியில்தான். "அட்டை கூடுன மலை, உள்ளுக்குள்ள இன்னும் காடுதான் கண்ணு. மண்ணு ஈரம் பிடிச்சிருக்கும். அங்கிட்டு கொழுந்தும் நல்லா வரும், வழுக்கியும் விடும்." ஈரம், மண், நிழல், விளைச்சல், விபத்து எல்லாம் அந்த நாலு வசனத்தில் இருக்கிறது. நாங்கள் பேனையை மூடி வைத்திருந்தோம்.

தோழி கேட்ட கேள்வி

இதையெல்லாம் எங்கள் சந்திப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி கோபமாகக் குறுக்கிட்டாள்.

"நம்ம ஆளுகள மனுஷக் கணக்குல சேர்க்கவே நூறு வருஷமாச்சு. மாட்டையும் ஆளையும் ஒரே கணக்குல பார்த்த தோட்டத்துல இருந்து வந்தவங்க நாம. இப்ப போய் அட்டைக்கும் பங்கசுக்கும் வரலாற்றுல இடம் கேக்குறீங்களா? முதல்ல மனுஷருக்கு இடம் குடுங்கடா."

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதில் பாதி சரி. 'மனிதரும் மற்ற உயிர்களும் சமம்' என்று ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் சொல்வது எளிது. மனிதர் என்ற இடமே கிடைக்காதவர்களிடம் அதைச் சொன்னால், இருந்த கொஞ்சத்தையும் பறிப்பது மாதிரி ஆகும்.

காட்டுப் பாதுகாப்பு விஷயத்தில் இதைக் கண்ணால் பார்க்கிறோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டி, பிறகு இறந்தது. நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் தோட்டங்களில் யார், எதற்காகச் சுருக்கு வைக்கிறார்கள் என்ற கேள்வி அவ்வளவு தூரம் போகவில்லை. சுருக்கு பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு. லயத்துக்குப் பின்னால் போட்ட கொஞ்சம் மரக்கறியைப் பன்றி தோண்டிவிடும் என்ற பயமும், இறைச்சிக்கு வழியில்லாத வீடும், விற்றுக் காசு பார்க்கிறவர்களும் அதில் கலந்திருக்கிறார்கள். சிறுத்தையை மட்டும் பார்த்தால் லயத்து ஆள் வில்லனாகிவிடுவார். லயத்து ஆளை மட்டும் பார்த்தால் சிறுத்தை ஒரு செத்த மிருகம், அவ்வளவுதான். சிறுத்தை, பன்றி, மரக்கறிப் பாத்தி, சம்பளம், காணியில்லாமை ஐந்தையும் ஒரே தாளில் எழுதினால்தான் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

தோழிக்கு நாங்கள் கடைசியில் சொன்ன பதில் குளவியிலிருந்து வந்தது.

குளவிக் கூடு யார் பொறுப்பு?

மலையகச் செய்திகளில் அடிக்கடி வரும் வரி ஒன்று நம் எல்லோருக்கும் மனப்பாடம்: கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி. சிலசமயம் ஒரு மரணம். அடுத்த வாரம் இன்னொரு தோட்டத்தின் பெயரோடு அதே வரி. 'இயற்கை', 'விபத்து' என்ற இரண்டு சொல்லில் கதை முடிந்துவிடும்.

குளவியை ஊராராகக் கவனித்தால் கேள்விகள் மாறுகின்றன. கூடு எந்த மரத்தில், எந்த உயரத்தில் இருந்தது? எத்தனை மாசமாக இருந்தது? அதை முதலில் பார்த்தது யார், யாரிடம் சொன்னார்கள்? அந்த மலையில் கடைசியாகப் புல்லு வெட்டியது எப்போது? எங்களிடம் பேசியவர்கள் சொல்வது இது: ஆட்கள் குறைந்து, களையெடுப்பு தள்ளிப்போய், மலை காடாகிக்கொண்டு வருகிறது, பாம்பும் குளவியும் அட்டையும் கொழுந்து நிறைக்குள்ளேயே வந்துவிட்டன. இதைச் சரிபார்க்க வேண்டும், ஒரு தோட்டத்துப் பேச்சை எல்லாத் தோட்டத்துக்கும் போட முடியாது. ஆனால் கேட்காமல் சரிபார்க்கவும் முடியாது.

கூடு கட்டுவது குளவியின் வேலை. கூட்டுக்குக் கீழே ஆளை அனுப்புவது மனிதரின் முடிவு. இந்த இரண்டையும் பிரித்தும் சேர்த்தும் பார்க்கத் தெரிந்தால் 'விபத்து' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொறுப்பு வெளியே வரும். குளவிக்கு வரலாற்றில் இடம் கொடுத்ததால் கொழுந்து பறித்த பெண்ணின் இடம் குறையவில்லை. அவர் பல மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் காதில் விழுகிறது.

தோழி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "சரி, ஆனா ஒவ்வொரு தடவையும் கடைசிக் கேள்வி மனுஷரப் பத்தித்தான் இருக்கணும்" என்றாள். அதை எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

இனி எப்படிக் கேட்கப் போகிறோம்

முறை என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டியதில்லை. நாங்கள் மாற்றிக்கொண்டது நாலு விஷயம்.

ஒன்று, உட்கார வைத்துக் கேட்பதைக் குறைத்து, கூட நடந்து கேட்கிறோம். லயத்துக்குள் 'தெரியாது' என்றவர், ஒரு பலா மரத்தடிக்கு வந்ததும் அரை மணி நேரம் பேசுகிறார். சாமிக் கல் வைத்த மரம், பிள்ளை பிறந்தபோது நட்ட மரம், வெட்டிப்போட்ட மரம் என்று ஒரு தோட்டத்தின் படத்தை மரங்களை வைத்தே வரைய முடிகிறது.

இரண்டு, வருஷம் கேட்காமல் 'அப்ப என்ன வந்துச்சு, என்ன போச்சு' என்று கேட்கிறோம். கொப்புளம் வந்த வருஷம், பெருமழையில் மண் சரிந்த வருஷம், மகாவலியை மறித்து விக்டோரியா அணை கட்டிப் பள்ளத்தாக்கில் தண்ணி நின்ற வருஷம். பிறகு அதை ஆவணத்தோடு ஒப்பிடுகிறோம். பொருந்தாவிட்டால் இரண்டையும் எழுதி வைக்கிறோம்.

மூன்று, மிருகத்தின் வாயில் நம் வார்த்தையைத் திணிப்பதில்லை. அட்டை என்ன நினைத்தது என்று நமக்குத் தெரியாது. அது எங்கே இருந்தது, எப்போது கூடியது, யாரைக் கடித்தது என்பதைக் கவனிக்கலாம், அது போதும்.

நாலு, எந்த உயிரைப் பற்றிக் கேட்டாலும் கடைசியில் தோழியின் கேள்வி: இதில் யாருக்குக் காசு போனது, யாருக்கு ரத்தம் போனது?

வாசிக்கிற தம்பி தங்கைகள் உங்கள் பாட்டி தாத்தாவிடம் இந்த வாரமே தொடங்கலாம். தோட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வயல், கடல், தகரக் கொட்டில், மாடி வீடு எங்கேயும் இது நடக்கும். போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நாங்கள் போன மாசம் பாட்டியிடம் திரும்பப் போனோம். இந்தத் தடவை பேனையை மூடவில்லை. மேல் மலைப் பக்கம் கையைக் காட்டி, இப்போது அங்கே அட்டை எப்படி என்று கேட்டோம்.

"எங்கப்பா இருக்கு இப்ப? மழை சரியில்ல. மேல் மலைய விட்டுட்டாங்க, ஆள் இல்ல. எம்பேரன் கொழும்புல. அட்டை கடிக்கவும் ஒரு கால் வேணுமில்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பனி, மழை, மலை, பேரன், கொழும்பு. கொப்பியில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இந்தத் தடவை நாங்கள் தேடவில்லை. கட்டங்களை அழித்துவிட்டு அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டோம்.